இரண்டாம் நாள் பின்னேரம்

வவுனியாவில் இருக்கும் அக்கா போன மார்கழியில் ஒரு நாள் விடிய ஐந்தரைக்கே அழைத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தால் எங்கள் பக்கத்தில் யாரும் நல்ல செய்தியை எதிர்பார்ப்பதில்லை. "டேய் தம்பி, உன்ர மருமகன் தை மாசம் பனிக்குள்ள மூண்டு நாள் மலையில ஓடப் போறானாம். வேலைக்கு லீவு போட்டுட்டு ஓடுறானாம். விசரோ இவனுக்கு? நீயாவது சொல்லு, உன்ர சொல்லுக் கேப்பான்."

கேட்கமாட்டான். எனக்கும் அவனைத் தடுக்கிற எண்ணம் இல்லை, ஏனென்றால் நானும் மாரி மழையில் குளக்கட்டு நெடுக ஓடுகிற ஆள்தான். ஆனால் அக்காவின் பயத்தில் நியாயம் இருந்தது. அவர் பயந்த இடம்தான் பிழை. அவர் பனியை நினைத்துப் பயந்தார். ஆளை விழுத்துவது பெரும்பாலும் பனி இல்லை, உறைநிலைக்குச் சற்று மேலே பெய்கிற மழை. அதுவும் முதல் நாளில் இல்லை, இரண்டாம் நாள் பின்னேரத்தில். அக்காவுக்கு அன்றைக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

மருமகன் இருப்பது லீட்ஸில். அவன் ஓடத் திட்டம் போட்டது பெனைன் வே என்கிற நடைபாதையின் தெற்குப் பகுதி. 1965 இல் திறந்த பாதை அது. இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்தில் தொடங்கி ஸ்கொட்லாந்து எல்லையைத் தாண்டிக் கேர்க் யெத்தம் வரை 268 மைல், அதாவது 431 கிலோமீற்றர். பருத்தித்துறை முனையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை கோடு கிழித்தால் எவ்வளவு வருமோ ஏறத்தாழ அவ்வளவு. அந்த முழுத் தூரத்தையும் தை மாதத்தில், 168 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கச் சொல்லி 2012 இலிருந்து ஒரு போட்டி நடக்கிறது, பெயர் ஸ்பைன் ரேஸ். தை மாதத்தில் அங்கே பகல் எட்டு மணித்தியாலம் சொச்சம்தான். மிச்சமெல்லாம் நெற்றி லைற் வெளிச்சம். 2019 இல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண் ஆண்கள் எல்லோரையும் பின்னால் விட்டு 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார், அதற்கு முந்தைய சாதனையைவிட 12 மணித்தியாலம் குறைவு. வீட்டில் 14 மாதக் குழந்தை. வழியில் இருந்த தங்குமிடங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். இதை அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அந்தப் பிள்ளையை ஆர் பாத்தது?" என்று கேட்டார்.

அக்காவின் தலைமுறைக்கு இது விளங்காததற்குக் காரணம் இருக்கிறது. மழைக்குள் நாள்கணக்காக நடப்பது அவர்களுக்குப் புதிதில்லை. 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு, கொட்டும் மழையில் தலையில் மூட்டையோடு தென்மராட்சிக்கு நடந்து, பிறகு கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். அப்படி நடந்த ஆளிடம் போய் "லீவு எடுத்து நனையப் போகிறேன்" என்றால் விசர் என்றுதான் சொல்வார். அதில் நான் வாதாடப் போவதில்லை.

சரி, பனி ஏன் இல்லை, மழை ஏன்?

மைனஸ் 15 பாகையில் விழும் பனி காய்ந்த பனி. தோளில் விழுந்தால் தட்டிவிடலாம், உடுப்புக்குள் இறங்காது. மூன்று பாகையில் பெய்கிற மழை அப்படி இல்லை. கழுத்து வழியாக, கைமுட்டு வழியாக, சப்பாத்து வழியாக உள்ளே வந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதற்கு மேல் காற்றும் அடித்தால் கதை வேறு. காற்றுக் குளிருக்கு அமெரிக்காவும் கனடாவும் 2001 இலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: வெப்பநிலை 0 பாகை, காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் முகத்துத் தோலுக்கு அது மைனஸ் 7. மைனஸ் 10 பாகையில் 50 கிலோமீற்றர் காற்றென்றால் மைனஸ் 22. இந்தக் கணக்கு காய்ந்த தோலுக்குத்தான். நனைந்த தோலுக்கு அதில் இடமே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இங்கிலாந்து தேவையில்லை. 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற அந்த இரண்டு மூன்று நாள்கள் நினைவிருக்கிறதா? வானம் புகைமூட்டமாகக் கிடந்தது, காற்றுச் சரியில்லை என்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், கிழக்கிலும்கூட, நூற்றுக்கணக்கான மாடுகள் ஒரே இரவிலும் மறுநாளிலும் விழுந்து செத்தன. முதலில் ஏதோ நோய் என்று பதறினார்கள், பிறகுதான் குளிர் என்று சொன்னார்கள். ஆனால் அந்த இரவு இங்கே தண்ணீர் உறையவில்லை, உறைநிலைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வன்னி மாடு அடைபடுவது கூரையில்லாத பட்டியில். மழை, விடாத வாடைக்காற்று, ஒதுங்க இடமில்லை, வயிற்றிலும் போதிய தீனி இல்லை. மெலிந்த மாடும் கன்றும்தான் முதலில் போயின. எனக்குத் தெரிந்த ஒருவர் விடிய பட்டிக்குப் போனபோது நின்ற மாடுகள் கொடுகிக்கொண்டு நின்றன, படுத்தவை எழும்பவில்லை. நனைவு, காற்று, பசி, இந்த மூன்றும் சேர்ந்தால் வெப்பமானியில் என்ன இலக்கம் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்தான்.

மனிதன் ஓடும்போது இதில் ஒரு வேடிக்கை சேர்கிறது. ஓடுகிற உடம்பு ஓர் அடுப்பு. 60 கிலோ எடையுள்ள ஆள் மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 600 கலோரி எரிகிறது, அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் வெளியேறுகிறது. அதனால்தான் மைனஸ் குளிரிலும் மெல்லிய சட்டையோடு சிரித்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் படத்தில் பார்க்கிறோம். ஆனால் அதே ஆள் களைத்து நடக்கத் தொடங்கினால் எரிவது 200 சொச்சத்துக்கு இறங்கிவிடும். காற்று குறையாது, மழை குறையாது, உடுப்பு காயாது, அடுப்பு மட்டும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஓடுபவர் விறைத்துப்போவது ஓடும்போது இல்லை. நடக்கத் தொடங்கிய பிறகு, கால் சுளுக்கி உட்கார்ந்த பிறகு, வழி தவறி வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தில்.

2021 மே 22 அன்று சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்தது இதுதான். 100 கிலோமீற்றர் மலை ஓட்டம், 172 பேர் ஓடினார்கள். குளிர்காலம்கூட இல்லை. மதியத்துக்குள் உயரமான பகுதியில் ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் இறங்கின. பலர் ரீசேட்டும் கட்டைக் காற்சட்டையும்தான் போட்டிருந்தார்கள், காற்றுத் தடுக்கும் ஜக்கெற் கட்டாயம் என்று போட்டி விதியில் இருக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். அதில் லியாங் ஜிங் நாட்டின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர். அதே மலையில் ஆடு மேய்க்க வந்திருந்த சூ கெமிங் என்பவர் குகை ஒன்றில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அவரிடம் விலையுயர்ந்த உடுப்பு எதுவும் இல்லை. மழை வந்தால் எங்கே ஒதுங்குவதென்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டாம் நாளுக்கு வருகிறேன், இந்த விஷயத்தில் ஆட்கள் குறைவாகப் பேசுவது அதைப் பற்றித்தான்.

தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்று உடம்பு சேர்த்து வைக்கும் மாச்சத்து மொத்தம் அரைக் கிலோ அளவுதான், 2000 கலோரி வரும். மேடு பள்ளமான 40 கிலோமீற்றர் அதை முழுக்கத் துடைத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டால்கூடத் திரும்ப நிரப்ப ஒரு நாள் அளவு வேண்டும், ஆனால் தொடர்ந்து ஓடுபவருக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். இன்னொன்று, இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே வேலை செய்வதால் இழைகள் நுண்ணியதாகக் கிழிகின்றன, அந்த நோவு உச்சத்துக்கு வருவது ஒன்று முதல் மூன்று நாள் கழித்து. கிழிந்த தசை மாச்சத்தைச் சேமிப்பதிலும் மந்தம். ஆக இரண்டாம் நாள் காலையில் ஆள் அரை எரிபொருளோடும் நோகும் காலோடும் புறப்படுகிறார். வேகம் தானாகவே குறையும், வேகம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் உடம்பு நடுங்கிச் சூடேற்றப் பார்க்கும்; அந்த நடுக்கத்துக்கும் அதே மாச்சத்துத்தான் வேண்டும்! நித்திரையும் சாப்பாடும் தொடர்ந்து குறைந்தவர்களுக்கு நடுக்கமே தாமதமாகத்தான் தொடங்கும். முதல் நாள் சமாளித்த அதே மழை, அதே காற்று, அதே ஜக்கெற், இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு வேறொன்றாக இருக்கும்.

இதை நானே அனுபவித்தேன், சின்ன அளவில். இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில், திருவெம்பாவை நாள்களில், நாங்கள் மூன்று பேர் மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு 30 கிலோமீற்றர் என்று ஓடிப் பார்த்தோம். இரணைமடுக் கட்டு, வட்டக்கச்சிப் பக்கத்து வாய்க்கால் றோட்டு, உருத்திரபுரம், அக்கராயன் என்று. விடிய நாலரைக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்கும்போது புறப்படுவது. மலை இல்லை, வன்னி தட்டையான நிலம். ஆனால் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை தெரிகிறதே என்று இறங்கவும் முடியாது; யானை ஒரு பக்கம், கண்ணிவெடிப் பலகை இன்னொரு பக்கம், பலகை எடுத்த இடத்திலும் மனம் எடுபடாது. எனவே கிரவல் றோட்டும் குளக்கட்டும்தான் எங்கள் மலையோட்டம். வெப்பநிலை 22 பாகை இருந்திருக்கும். முதல் நாள் மழையில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு களி நிலத்தில் இறங்கினோம், ஒவ்வொரு சப்பாத்திலும் ஒரு கிலோ களி. ஓட்டம் நடையானது. குளத்துப் பக்கமிருந்து வாடை அடித்தது. எங்களில் இளையவன், இருபத்திரண்டு வயது, எப்போதும் பகிடி விடுகிறவன், திடீரென்று பேச்சை நிறுத்தினான். பிறகு சப்பாத்து நூல் அவிழ்ந்ததென்று குனிந்தவன் அதைக் கட்ட முடியாமல் நிமிர்ந்தான். விரல் சொல்கேட்கவில்லை. "கட்டிவிடட்டே?" என்றதற்கு எரிந்து விழுந்தான். 22 பாகையில்!

பக்கத்து வீடொன்றில் ஏறி, ஈரச் சேட்டைக் கழற்றி, அந்த வீட்டு அம்மா தந்த சாரத்தைச் சுற்றி, சீனி அள்ளிப் போட்ட பிளேன்ரீ இரண்டு கோப்பை குடித்து, அரை மணித்தியாலத்தில் பகிடி திரும்பி வந்தது. மூன்றாம் நாளை நாங்கள் பாதியாக வெட்டினோம்.

அந்தப் பையனுக்கு நடந்ததுதான் எங்கும் முதல் அடையாளம். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஹைப்போதேர்மியா என்கிறார்கள். அதற்கு வெளிக்கிடும் வழியிலேயே விரல் மரக்கும், கால் தடுமாறும், நாக்குக் குழறும், ஆள் சிடுசிடுப்பார் அல்லது ஒன்றுக்கும் அக்கறை இல்லாமல் இருப்பார். மோசம் என்னவென்றால் குளிர் முதலில் பிடிப்பவற்றில் புத்தியும் ஒன்று, "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போங்கோ" என்று அவரே சொல்வார். 32 பாகையைச் சுற்றி நடுக்கம் நின்றுவிடும்; கூட இருப்பவர்கள் சுகம் வந்துவிட்டதென்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் கீழே போனால் சிலர் உடம்பு எரிகிறதென்று உடுப்பைக் கழற்றி எறிவதும் உண்டு. தனியே ஓடுகிறவரை இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

உடுப்பு பற்றி நிறையப் பேசலாம், ஆனால் விஷயம் சுருக்கமானது: பருத்தி வேண்டாம். எங்கள் வெயிலுக்குப் பருத்தி நல்லதாக இருப்பதன் காரணமே, அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விப்பதுதான். குளிரில் அதே குணம் ஆளைக் கொல்லும். கம்பளியோ செயற்கை நூலோ நனைந்தாலும் இழைக்கிடையே கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஒரு மேலுறை. பையில் பொலித்தீனால் சுற்றிக் கட்டிய காய்ந்த உடுப்பு ஒரு சோடி, அதை ஓடும்போது தொடவே கூடாது, நிற்கும்போதுதான். இதில் ஒரு கூத்து: பெனைன் வேயின் சதுப்பு மேடுகளில் நடக்கப் போட்டிருக்கும் கற்பலகைகளில் பல, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தளத்திலிருந்து எடுத்தவை, அந்தப் பகுதி ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன இடம். இப்போது அந்தக் கல்லில் ஐஸ் படிந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். மருமகன் சப்பாத்தின் அடியில் மாட்டும் சின்ன முள்ளுச் சங்கிலி கொண்டுபோனது அதற்குத்தான்.

கால் விஷயத்தில் எங்கள் கமக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாள்கணக்காக ஈரச் சேற்றில் நின்றால் விரலிடுக்கு வெளுத்து, ஊறி, வெடித்துச் சேற்றுப்புண் வருவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிர்நாட்டில் அதன் பெரியண்ணன் ஒன்று இருக்கிறது: உறையாத குளிரிலேயே, ஈரச் சொக்ஸுக்குள் ஒரு நாள் இரண்டு நாள் கிடந்த பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்து நரம்பு கெட்டுப்போவது. முதல் உலகப்போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற படைவீரர்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது அது. ஒரு நாள் ஓட்டத்தில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைகாட்டாது, அடுத்தடுத்த நாள்களில்தான் வரும். மருந்தும் நாங்கள் செய்வதேதான்: இரவில் காலைக் கழுவித் துடைத்துக் காயவிடுவது, காலையில் தடிப்பாக வசிலினோ எண்ணெயோ பூசுவது, நித்திரைக்கென்று ஒரு சோடி காய்ந்த சொக்ஸ் வைத்திருப்பது. நடைபயணமாகக் கதிர்காமம் போகிறவர்களும் இரவில் முதலில் பார்ப்பது காலைத்தான், அங்கே வெயில் என்றாலும்.

சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம், பசிக்காவிட்டாலும். கடையில் விற்கிற ஜெல் பைக்கற்றுகள் குளிரில் பசை மாதிரி இறுகிவிடும், பற்களை உடைக்கிற சொக்லேற்றையும் பார்த்திருக்கிறேன். எள்ளுருண்டை, கச்சான், பனங்கட்டி, பேரீச்சம்பழம் எதுவும் பிழையில்லை. புழுக்கொடியல் நல்ல மாச்சத்து, ஆனால் கடிக்க நேரம் எடுக்கும், ஓடிக்கொண்டு முடியாது, இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான் ஏமாற்றும். குளிரில் தாகம் எடுக்காது, ஆனால் சலம் அடிக்கடி போகும், மூச்சோடும் ஈரம் போகும். உறைநிலைக்குக் கீழே போகிற இடத்தில் போத்தலைத் தலைகீழாக வைப்பார்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடி பிழைத்துவிடும். போன் பற்றரியும் குளிரில் சட்டென்று இறங்கும், அதை மார்போடு உள்பையில் வைத்தால்தான் உதவிக்கு அழைக்கிற நேரத்தில் உயிரோடு இருக்கும்.

இதையெல்லாம் மருமகனுக்கு வட்ஸ்அப்பில் சொன்னபோது "மாமா, இதெல்லாம் தெரியும்" என்றான். தெரிந்திருக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: இரண்டாம் நாள் மூன்று மணிக்கு எந்த இடத்தில் நிற்பாய், அங்கிருந்து கீழே இறங்க எத்தனை நிமிடம்? அதற்கு அவனிடம் உடனே பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் வரைபடத்தில் மூன்று இடங்களைச் சிவப்பால் வட்டமிட்டு அனுப்பினான், ஒவ்வொன்றிலிருந்தும் ஊருக்கு இறங்கும் வழியோடு.

தை இரண்டாம் கிழமை ஓடினார்கள், அவனும் இரண்டு கூட்டாளிகளும். முதல் நாள் ஈடேலிலிருந்து ஸ்ரான்டெஜ் வரை 40 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், காய்ந்த குளிர், நல்ல படங்கள் வந்தன. இரண்டாம் நாள் காலையிலிருந்து மழை. இங்கே இரவு ஒன்பதரைக்கு, அங்கே நாலு மணி, அவன் அழைத்தான். ஹெப்டன் பிரிட்ஜ் என்கிற ஊரில் ரயிலுக்குக் காத்திருக்கிறார்களாம். கூட்டாளி ஒருவனுக்குக் கையுறையைப் போட முடியாமல் போனதாம், உடனே இறங்கிவிட்டார்கள். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது, மூன்றாம் நாளுக்கென்று எடுத்த லீவு மிச்சம் இருக்கிறதே என்று.

அக்காவுக்கு உடனே சொன்னேன். ரயிலைப் பற்றியோ கையுறையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"சாப்பிட்டவனாமோ?"

சாப்பிட்டிருந்தான். சூப்பும் பாணும், அதற்கு மேல் சிப்ஸும்.